தண்ணீரில் ஒளிராத நாத்தனார்

என் மூலக்கூறுக்கு நாத்தனார் என்று பெயர் வைத்தது நான்தான். அதை மறுக்கவில்லை. அதற்கு முறையான வேதியியல் பெயர் ஒன்று உண்டு. சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். நாள் முழுக்க வாயில் புழங்க வேண்டிய ஒன்றுக்கு அப்படியொரு பெயர் ஆகுமா? அதனால் சுருக்கமாக நாத்தனார். ஆய்வகத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. என் ஆய்வை வழிநடத்தும் எங்கள் சாரே ஒரு கருத்தரங்கில், பெரிய மனிதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, "அடுத்து நாத்தனாரோட நிறமாலையைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அரங்கம் ஏன் சிரிக்கிறது என்று புரியாமல் தானும் சேர்ந்து சிரித்தார்.

பார்க்க அது வெறும் மஞ்சள் பொடி. ஹெக்சேனில் துளியூண்டு கரைத்தால் இளமஞ்சள். டொலுவினில் கரைத்தாலும் இளமஞ்சள். அசிட்டோன், எத்தனால், எதில் கரைத்தாலும் அதே கதை. சீசாக்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்தால், ஒரே எலுமிச்சை ஜூஸை நாலு பேருக்குப் பங்கு வைத்த மாதிரிதான் தெரியும். "இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?" என்று அம்மா ஒருமுறை கேட்டே விட்டாள்.

ஆனால் அறை விளக்கை அணைத்துவிட்டு யூ.வி. விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெக்சேன் சீசா நீலமாக ஒளிரும். டொலுவின் பச்சை. அசிட்டோன் மஞ்சள். எத்தனால் ஆரஞ்சு. ஒரே பொடி, ஒரே விளக்கு! முதல் தடவை பார்த்தபோது ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி, ரப்பர் கையுறையோடு கைதட்டி, அங்கேயே ஒரு சுற்று ஆடிவிட்டேன். இன்றைக்கும் அந்த விளக்கைப் போடும்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரிவதில்லை.

இடத்துக்கு இடம் நிறம் மாறுகிறது என்றதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது என் வீட்டுக்காரரின் அக்காதான். கூரியர் ஆபீஸ் நடத்துகிறார். வாடிக்கையாளரிடம் பேசும்போது தேன் சொட்டும். தம்பியிடம் பேசும்போது அதட்டல். என்னிடம் பேசும்போது பக்கத்தில் தீயணைப்பு வண்டி நிற்பது நல்லது. ஒரே ஆள்தான், சுற்றியிருப்பவர்கள்தான் வேறு. பெயர் வைத்த அன்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். முகம் தொங்கிப்போய்விட்டது.

"எங்க அக்கா உனக்கு என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. அதான் அவங்க பேரை வெச்சு கௌரவப்படுத்தியிருக்கேன்."

"அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"நீங்க சொல்லாம இருந்தா எப்படித் தெரியும்?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவரிடம் ரகசியம் சொல்வதும் மைக் போட்டு அறிவிப்பதும் ஒன்றுதான். இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் உயிருக்குப் பயந்து காப்பாற்றி வந்தார்.

நிறம் ஏன் மாறுகிறது என்று அவருக்கு ஒருநாள் விளக்கினேன். மூலக்கூறு ஒளியை விழுங்குகிறது. விழுங்கும் வேலை எந்தக் கரைப்பானில் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். அதனால்தான் பகலில் எல்லாம் ஒரே மஞ்சள். விழுங்கியதும் உள்ளே மின்னூட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவுகிறது. ஆள் கொதித்துப்போய் எழுந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஹெக்சேன் ஆட்கள் எது நடந்தாலும் திரும்பிப் பார்க்காத ரகம். யாரும் கண்டுகொள்ளாததால், வாங்கிய ஆற்றலைப் பெரிதாகக் குறைக்காமல் நீலமாக வீசியடிக்கிறாள். அசிட்டோன் ஆட்கள் அப்படியில்லை. "சரி விடு, உட்காரு" என்று பக்கம் திரும்பித் தாங்கிப் பிடிக்கிறார்கள். கோபத்தில் கொஞ்சம் அங்கேயே தணிந்து, மிச்சம் மஞ்சளாக வெளியே வருகிறது. எத்தனாலில் இன்னும் கொஞ்சம் தணிந்து ஆரஞ்சு.

"அப்போ தண்ணியில?" என்று கேட்டார் மாஸ்டர். நல்ல கேள்வி. ஆளைத் தாங்கிப் பிடிப்பதில் தண்ணீரை மிஞ்ச இவர்கள் யாராலும் முடியாது. அங்கே நாத்தனார் சிவப்பாக மங்கி, அநேகமாக அணைந்தே போக வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நான் குவெட்டில், அதாவது விரல் பருமனுள்ள அந்தச் சதுரக் கண்ணாடிக் குழாயில், தண்ணீரை ஊற்றி ஒரு சொட்டு சாயம் விட்டபோது அவள் பளீரென்று மஞ்சளாக ஜொலித்தாள்.

சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவர் எழுவது அபூர்வம். "விதிவிலக்கும்மா! இது விதிவிலக்கு!" என்று சொல்லி, சுவரில் தொங்கும் எங்கள் போஸ்டரில் 'தண்ணீரில் ஒளிர்கிறது' என்ற வரிக்குப் பக்கத்தில் பேனாவால் ஓர் ஆச்சரியக்குறி போட்டார். மாஸ்டர் அந்தச் செய்தியைத் தெரு முழுக்கப் பரப்பினார். துணி தேய்க்கிறவர் என்னைப் பார்த்து, "தண்ணியில எரியிற விளக்கு பண்ணியிருக்கீங்களாமே, கரண்ட் பில் மிச்சமாகுமா?" என்று கேட்டார். ஆகாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஆச்சரியக்குறியால்தான் மேடம் வரப்போகிறார். வேறு ஊரில் பெரிய ஆய்வுக்குழு நடத்துகிறவர். உயிருள்ள செல்களைச் சாயம் போட்டுப் பார்ப்பவர். செல் என்றாலே தண்ணீர் என்பதால், தண்ணீரில் ஒளிரும் சாயம் அவருக்குப் புதையல். கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் குழுவில் ஓர் இடம் காலி. "நேரில் வந்து என் கையால் செய்து பார்ப்பேன். சரியாக இருந்தால் சாயத்தையும் எடுத்துக்கொள்கிறேன், செய்தவளையும் எடுத்துக்கொள்கிறேன்" என்று சாரிடம் சொல்லியிருந்தார். எனக்கோ ஆய்வுக் காலம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. அந்த இடம் கிடைத்தால் நாத்தனாரோடு என் வாழ்க்கை தொடரும். கிடைக்காவிட்டால் சீசாக்களை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் போட வேண்டியதுதான்.

மேடம் வருவதற்கு முந்தைய நாள் காலை, ஒத்திகை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெரிய மனுஷி வருகிறாரே, பழைய குவெட்டில் காட்டினால் நன்றாகவா இருக்கும் என்று புதுப் பெட்டியைப் பிரித்தேன். தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு சாயம். விளக்கைப் போட்டேன்.

இருட்டு.

விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், எரிகிறது. இன்னொரு சொட்டு விட்டேன். இருட்டு. உற்று உற்றுப் பார்த்ததில் உள்ளே ஒரு மங்கல் சிவப்பு இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகம் வந்ததே தவிர, மஞ்சளைக் காணோம். வயிற்றில் புளியைக் கரைத்தது. எந்தக் கரைப்பானில் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பழைய குவெட்டை எடுத்துச் செய்தேன். மஞ்சள்! புதியதில் செய்தேன். இருட்டு. பழையதில் மஞ்சள். புதியதில் இருட்டு. அதே தண்ணீர், அதே சொட்டு, அதே நான். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்தேன், நாத்தனாரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேஜையில் இருந்த சுத்தம் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

சுத்தம் அண்ணன் எங்கள் ஆய்வகத்தின் மூத்தவர். அவரது மேஜையில் தூசி உட்கார வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கதவை முழங்கையால் திறப்பார். குளிர்சாதனப் பெட்டிக்குள் பாட்டில்களை உயர வரிசையில் நிற்க வைப்பார். நல்ல மனுஷன்தான், பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் மருந்துக்கடைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

"என்னம்மா, யாரைத் திட்டுற?"

"நாத்தனாரை. பழைய குவெட்டுல சிரிக்கிறா, புதுசுல முகத்தைத் திருப்பிக்கிறா."

"அசிட்டோன் மிச்சம் இருந்திருக்கும். மஞ்சள்னா அசிட்டோன்தானே?"

எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது. குவெட்டை அசிட்டோனால் அலசுவது எங்கள் வழக்கம். புதுக் குவெட்டின் தண்ணீரில் ஒரு சொட்டு அசிட்டோனைக் கலந்து பார்த்தேன். இருட்டு அசையவில்லை. அத்தனை தண்ணீர்க் கூட்டத்தில் ஒரு சொட்டு அசிட்டோனை யார் மதிக்கிறார்கள்!

"அண்ணே, பழைய குவெட்டை வேற யாராவது தொட்டாங்களா?"

அவர் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்தது. உதவி செய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தவர் மாட்டிக்கொண்டால் வருமே, அந்தச் சிரிப்பு.

"தப்பா எடுத்துக்காத. நீ அசிட்டோன்ல அலசிட்டு அப்படியே வெச்சிட்டுப் போற. எனக்கு மனசு கேக்கல. தினமும் சாயங்காலம் நான்தான் எடுத்து சோப்புத் தண்ணியில ஊறப்போடுவேன். காலையில எடுத்து ஒரு தடவை அலசி, துடைச்சு வெச்சிடுவேன்."

"ஒரு தடவைதானா?"

"சோப்பு நல்ல சோப்பும்மா!"

நான் எழுந்து போய், தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சோப்புக் கரைசலில் கண்ணாடிக் குச்சியின் நுனியை நனைத்து, புதுக் குவெட்டுக்குள் விட்டு ஒரு கலக்குக் கலக்கினேன். இருட்டாக இருந்த நாத்தனார் கண்முன்னே பளீரென்று மஞ்சளானாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய நேரத்தில் வரும் சிரிப்பு என்பதால் நிற்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சோப்பு மூலக்கூறுகள் தண்ணீருக்குள் கூடிக் குட்டிக் குட்டி உருண்டைகளாகின்றன. உருண்டைக்கு உள்ளே எண்ணெய்ப் பசை. நாத்தனார் தண்ணீர்க் கூட்டத்தைப் பார்த்ததும் அந்த உருண்டைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். அவள் மஞ்சளாக ஒளிர்ந்ததற்கு அதுதான் அர்த்தம். 'நான் தண்ணீரில் இல்லை, நான் தண்ணீரில் இல்லை' என்று பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி இத்தனை நாளும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கேட்கத் தெரியாமல் நாங்கள் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறோம்.

சுத்தம் அண்ணன் சிரிக்கவில்லை. விஷயம் புரிந்ததும் முகம் வெளிறி, கையிலிருந்த துடைக்கும் துணியைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்னாலதான் இவ்வளவும். உன் வேலையையே கெடுத்துட்டேனே."

"விடுங்கண்ணே. கண்டுபிடிச்சாச்சுல்ல."

"ஒண்ணு சொல்லட்டுமா? நாளைக்குப் பழைய குவெட்டையே வெச்சிடு. மேடம் பாக்குறது பத்து நிமிஷம். மஞ்சளா இருக்கும். அப்புறம் அங்க போய் மெதுவா சொல்லிக்கலாம்."

பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் கை நீண்டது. பழைய குவெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இதில் காட்டினால் வேலை கிடைத்துவிடும். அப்புறம் வாழ்நாள் முழுக்க, அண்ணன் என் குவெட்டை எப்போது ஊறப்போடுவார் என்று அவர் பின்னாலேயே திரிய வேண்டும். அதை நினைத்ததும் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. குவெட்டைக் கீழே வைத்தேன்.

அன்று மதியம் நாங்கள் வேலையே செய்யவில்லை. அண்ணனின் குற்ற உணர்ச்சியைக் கலைக்க வேண்டுமென்று, ஆய்வகத்துக்கு வெளியே டீ குடிக்கும் அறையிலிருந்த கப்புகளிலெல்லாம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைக் கண்ணாடிச் சிமிழ்களில் எடுத்துவந்து சாயம் விட்டுப் பார்த்தோம். என் கப் லேசாக மின்னியது. மாடி ஆய்வகத்துக்காரர்களின் கப் சுத்தமாக இருட்டு. அவர்கள் சோப்பே போடுவதில்லை என்பது எங்கள் அனுமானம். சாரின் கப் இருக்கிறதே, அது ஜெகஜ்ஜோதி. தினமும் அவ்வளவு சோப்பைக் குடித்துக்கொண்டுதான் மனுஷன் எங்கள் கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறார். அண்ணனின் கப்பைக் கடைசியாகப் பார்த்தோம். அது சாருடையதையே மிஞ்சி ஜொலித்ததைப் பார்த்து அவரே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கும் சிரிப்பு வந்தது.

சாரிடம் சொல்லலாமென்று போன் செய்தால் எடுக்கவில்லை. மேடத்தை அழைத்துவர வெளியூர் கிளம்பிப் போய்விட்டாராம். போனை வைத்ததும் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"ஒரு நல்ல சேதி! அக்கா வந்திருக்காங்க. நாளைக்கு லேபுக்குக் கூட்டிட்டு வரேன். தண்ணி விளக்கைப் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க."

"என்னங்க, வேண்டாங்க! தண்ணி விளக்கு தண்ணியில எரியாது!"

"என்ன சொல்ற? இங்க பசங்க சத்தம், கேக்கல. சரி, நாளைக்குப் பாப்போம்!" விசில் ஊதும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை மேடம் வந்து இறங்கினார். ஒல்லியான உருவம், இறுகக் கட்டிய கொண்டை, கையில் சின்னப் பெட்டி. அதற்குள் அவருடைய ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீர், அவருடைய குவெட்டுகள். "மத்தவங்க கண்ணாடியை நான் நம்புறதில்ல" என்றார், வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே. சார் பின்னால் சிரித்த முகமாக நின்றார். சுத்தம் அண்ணன் ஒரு மூலையில் தன்னைத்தானே ஒதுக்கி அடுக்கி வைத்திருந்தார். போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்து வாசலில் என் வீட்டுக்காரரும், நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் அக்காவும் வந்து நின்றார்கள். "வணக்கம் மேடம்! நான் இவங்க ஹஸ்பெண்ட்! இது எங்க அக்கா!" என்று மாஸ்டர் அறிவித்ததில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மேடம், முதல்ல ஒண்ணு சொல்லணும்" என்றேன். "இந்தச் சாயம் தண்ணியில ஒளிராது."

சாரின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"ஒளிராதா?" என்றார் மேடம். "போஸ்டர்ல ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கீங்க. அப்ப நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்?"

"நாங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டோம் மேடம். நேத்துதான் தெரிஞ்சது."

"நான் சொல்லிட்டு வந்தது நினைவிருக்கில்ல? என் கையால செஞ்சு பாப்பேன். நகருங்க."

நகர்ந்தேன். மேடம் தன் பெட்டியைத் திறந்து, தன் குவெட்டை எடுத்து, தன் தண்ணீரை ஊற்றினார். நான் நீட்டிய சீசாவிலிருந்து ஒரு சொட்டு விட்டார். அறை விளக்கை அண்ணன் அணைத்தார். யூ.வி. விளக்கைப் போட்டேன்.

மஞ்சள்! பளீரென்ற மஞ்சள்!

"ஒளிருதே!" என்று கத்தினார் சார். "ஒளிருது மேடம்! இந்தப் பொண்ணுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி, அதான் அப்படிச் சொல்லிட்டா!"

"சூப்பர்!" என்றார் மாஸ்டர் வாசலிலிருந்து.

மேடத்தின் முகத்தில் முதல் தடவையாக ஒரு கீற்றுச் சிரிப்பு வந்தது. "ரொம்ப நல்லா இருக்கே. ஏன்மா பயந்த? அடுத்த மாசமே வந்து சேர்ந்துடு."

இதோ, வேலை என் கையில். அவருடைய கண்ணாடி, அவருடைய தண்ணீர், அவருடைய கை. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தும் பார்த்தேன். ஆனால் அந்த மஞ்சள் என் கண்ணுக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. நான் இருப்பது தண்ணீரில் இல்லை, நான் இருப்பது தண்ணீரில் இல்லை என்று அது கத்துகிற கத்தல் எனக்கு மட்டும்தான் கேட்டது. மூலையில் அண்ணனுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்ல மேடம்" என்றேன். "உங்க குவெட்டுல சோப்பு இருக்கு."

மேடம் குவெட்டிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்ன?"

"சோப்பு மேடம். தப்பா நினைக்காதீங்க. சரியா அலசல."

"எங்க லேப்ல கண்ணாடி எப்படிக் கழுவுவாங்கன்னு உனக்குத் தெரியுமா? நானே பக்கத்துல நின்னு கழுவ வைப்பேன். சோப்புல ஊறப்போட்டு..."

"ஊறப்போட்டு?" என்றேன் நான்.

"ஊறப்போட்டு" என்றார் அண்ணன் மூலையிலிருந்து, துக்கம் விசாரிக்கிற குரலில்.

புதுப் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்தேன். பிரிக்காத குவெட் ஒன்றை அவரே எடுத்தார். அதே தண்ணீரை ஊற்றினார். அதே சொட்டு. விளக்கு. இருட்டு. சார் நெஞ்சில் கை வைத்தார். நான் கண்ணாடிக் குச்சி நுனியில் சோப்பைத் தொட்டு உள்ளே கலக்கினேன். இருட்டு மறைந்து மஞ்சள் மலர்ந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அழகுதான். வேலை போகிற நேரத்திலும் எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

மேடம் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பானவர்கள் பேசாமல் இருந்தால் அறையில் எல்லோருக்கும் இருமல் வரும், எங்களுக்கும் வந்தது. அப்புறம் அவர் மெதுவாகக் கேட்டார், "எவ்வளவு கொஞ்சமா சோப்பு இருந்தாலும் காட்டுமா?"

"கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்கிறதைக் காட்டிடுச்சு மேடம். நேத்து மதியம் முழுக்க டீ கப்புகளைப் பார்த்தோம்."

"என் செல்கள் செத்துக்கிட்டே இருக்கு" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "ஒரு தட்டுல நல்லா வளரும். பக்கத்துத் தட்டுல காரணமே இல்லாம செத்துடும். உணவை மாத்தினேன், சூட்டை மாத்தினேன். பாவம், ஒரு பொண்ணை வேலையை விட்டே அனுப்பப் பாத்தேன். தட்டு கழுவுறதை மட்டும் நான் சந்தேகப்படவே இல்ல. நானே நின்னு கழுவ வெச்சேனே!"

சொல்லிவிட்டு மேடம் சிரிக்க ஆரம்பித்தார். கொண்டையே குலுங்குகிற சிரிப்பு. அதைப் பார்த்து எனக்கு வந்துவிட்டது. அண்ணனுக்கு வந்தது. சாருக்கு எதற்கு என்று தெரியாவிட்டாலும் வந்தது. பழக்கதோஷத்தில் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதியே விட்டார்.

"தண்ணியில ஒளிர்ற சாயம் தேடினா வேற எங்கேயாவது கிடைச்சிடும்மா" என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க உக்காந்திருக்கோம்னு ஒளிக்காம சொல்ற சாயமும் ஆளும்தான் கிடைக்க மாட்டேங்குது. அடுத்த மாசம்னு சொன்னேன்ல, வேண்டாம். அடுத்த வாரமே வா. முதல் வேலையா எங்க தட்டு எல்லாத்தையும் பாக்கணும்."

அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அண்ணன் என்னை ஓர் ஓரமாகக் கைகாட்டிக் கூப்பிட்டு, மடித்த சுத்தமான துணி ஒன்றைக் கொடுத்தார். சோப்பு வாசனை அடித்தது. பரவாயில்லை என்று துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணி வாசலிலிருந்து உள்ளே வந்தார். சீசாக்களைக் குனிந்து பார்த்தார். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் வரிசையாக விளக்கடியில் ஒளிர்ந்துகொண்டிருந்தன. "நல்லாத்தான் இருக்கு. இதுக்குப் பேரு என்ன?"

என் கண் மாஸ்டரைத் தேடியது. அவர் கூரையைப் பார்த்தார். அண்ணன் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்த சார், "நாத்தனார்!" என்றார் உற்சாகமாக. "நாங்க எல்லாரும் நாத்தனார்னுதான் கூப்பிடுவோம்!"

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தீயணைப்பு வண்டி எங்கேயும் இல்லை. காலையிலிருந்து உண்மையே பேசிப் பேசி என் வாய் வேறு பழகியிருந்தது.

"ஆமா அண்ணி. உங்க பேர்தான். இடத்துக்கு இடம் நிறம் மாறுதுன்னு வெச்சேன். இது விழுங்குறது எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். சுத்தி இருக்கிறவங்க தாங்கிப் பிடிச்சா தணிஞ்சு போகுது. கண்டுக்காம விட்டா நீலமா சுட்டெரிக்குது."

அவர் மறுபடியும் சீசாக்களைக் குனிந்து பார்த்தார். "தண்ணியில மட்டும் ஏன் சத்தம் போடாம இருக்கு?"

"அங்க நிறைய பேர் சேர்ந்து தாங்குறாங்க அண்ணி. சத்தம் போட வேண்டிய அவசியமே இருக்கிறதில்ல."

அண்ணி ஹெக்சேன் சீசாவை விரலால் தொட்டார். "எனக்கு அப்படி யாரும் வாய்க்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பார்சல் எங்கே போக வேண்டும் என்று முகவரி சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

எனக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் அந்த நீலத்தைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். ஹெக்சேன் யார் என்று ஒருநாளாவது யோசித்தேனா? மாஸ்டரும் கூரையிலிருந்து கண்ணை இறக்கியிருந்தார். நான் என் ஸ்டூலை இழுத்து அண்ணியின் பின்னால் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு பக்கம் நான் நின்றேன், மறுபக்கம் மாஸ்டர் வந்து நின்றார். அண்ணனும் சாரும் எதற்கென்று தெரியாமலே நெருங்கி வந்தார்கள். மேடம்கூட நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார்.

"என்ன எல்லாரும் இப்படிச் சூழ்ந்துக்கிட்டீங்க? காத்து வர வேண்டாமா?" என்று அதட்டினார் அண்ணி. ஆனால் எழுந்துகொள்ளவில்லை.

"டீ போட்டு எடுத்துட்டு வரட்டுமா அண்ணி?"

"எடுத்துட்டு வா" என்றார். நான் டீ அறைப்பக்கம் இரண்டு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது, "கப்பை நாலு தடவை அலசு!"